வேர் போன வழி

திலகா பேசி முடித்து உட்காரப் போன நேரத்தில்தான் பவளம் எழுந்தாள்.

மலைநகரமான ரிங்லெட்டுக்கு மேலே, புக்கிட் செரோஜா தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அன்று காலை ஐம்பது பேர் வரை கூடியிருந்தார்கள். காய்கறிக் கம்பெனி ஒன்று தோட்டத்தின் பதினாலாம் நம்பர் மலையைக் குத்தகைக்கு எடுத்து முழுவதும் தக்காளி போடப் போகிறது. இரண்டு ஏக்கரில் ஏற்கெனவே சோதனைக்காகப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மலையடியில் இருக்கிற ஊற்றிலிருந்துதான் கீழ் லைன் குடியிருப்பில் உள்ள நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் குழாய் போகிறது. மலைமேல் அடிக்கிற பூச்சிமருந்து மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்கு வந்து சேருமா, சேர்ந்தால் எப்போது, எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல ஈப்போவிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கம்பெனி அமர்த்தியிருந்தது. கணக்கைப் போட்டவள் திலகா.

அவள் நன்றாகத்தான் விளக்கினாள். மழைத்தண்ணீர் மருந்தைக் கீழே இழுக்கும். ஆனால் மருந்து மண்ணில் ஒட்டிக்கொள்ளும், விட்டுவிட்டு நகரும், மறுபடி ஒட்டும். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு ஓர் அடிதான் இறங்கும். ஊற்றுநீர் ஓடும் மட்டம் பதினெட்டு அடி ஆழத்தில். மருந்தோ அறுபது நாளைக்கு ஒருமுறை பாதியாகச் சிதைந்துகொண்டே வரும். பதினெட்டு வருடம் கழித்து ஊற்றுக்குப் போய்ச் சேரும்போது அதில் எதுவுமே மிச்சம் இருக்காது. திரையில் நீலக்கோடு ஒன்று சரிந்து சரிந்து தரையோடு தரையாகப் படிந்ததைக் காட்டினாள். முன்வரிசையில் இருந்த சில பெண்கள் தலையாட்டினார்கள்.

"உக்காராத திலகா," என்றாள் பவளம். "உன் கணக்கு தப்பு."

கம்பெனியின் சூப்பர்வைசர் தங்கராஜு பின்னாலிருந்து, "பவளம், உக்காரு லா. படிச்சவங்க பேசறாங்க," என்றார்.

பவளம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. திலகாவுக்கும் அதே வயதுதான். ஆறாம் வகுப்புவரை இருவரும் இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. அப்புறம் திலகாவின் குடும்பம் ஈப்போவுக்குப் போய்விட்டது. பவளம் இங்கேயே இருந்து தேயிலை வெட்டினாள். போன வருடத்திலிருந்து, தோட்டத்து ஆபீஸ் கம்பெனிக்கு அனுப்பிவைத்த ஆளாக, அந்த இரண்டு ஏக்கர் தக்காளிக்கு முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிக்கிறாள்.

"எது தப்பு?" என்று கேட்டாள் திலகா. குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

"வருஷத்துக்கு ஒரு அடின்னு சொன்ன பாரு, அது. சாயங்காலம் டேங்க கழுவி நான் மண்ணுல ஊத்தறேன். ஒரு டேங்க் தண்ணி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள காணோம். உள்ள கொடகொடன்னு சத்தம் வேற கேக்குது. அது என்னா, ஒரு அடியில போயி நின்னு ஒக்காந்துருக்குமா?"

"மேல்மண் லூசா இருந்தா அப்படித்தான் இருக்கும் பவளம். அதுக்குக் கீழ—"

"கீழ என்னா இருக்குன்னு நீ பாத்தியா? இந்த வேலைக்குன்னு ஒரு தடவ மலையேறி வந்தியா?"

"மண்ணு சாம்பிள் வந்துச்சு. மூணு எடத்துல எடுத்தது."

"மண்ணு அவளத் தேடிப் போயிருக்கு!" என்றாள் பவளம் கூட்டத்தைப் பார்த்து. சிரிப்பு எழுந்தது. தலையாட்டிய பெண்களும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் திலகா கம்ப்யூட்டரை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். பவளம் படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"கோவமா?"

"எல்லார் முன்னாலயும்தான் கேக்கணுமாடி?"

"நீ எல்லார் முன்னாலயும்தான சொன்ன?"

பவளம் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினாள். "ஏறு. ஒரு தடவ பாத்துட்டுப் போ. பாத்த பொறகும் பதினெட்டு வருஷம்னு சொன்னா, நான் இனிமே வாயத் தொறக்கல."

பதினாலாம் மலை செங்குத்தானது. அதில் தேயிலை நட்டு எண்பது வருடம் ஆகியிருக்கும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் அந்தத் தேயிலையை அழித்தபோது, மேலே இயந்திரம் ஏற வழியில்லாததால், மரங்களைத் தரையோடு தரையாக அறுத்து, அடிக்கட்டையில் மருந்து தடவி அப்படியே சாகவிட்டார்கள். அந்த வேலை செய்த கூட்டத்தில் பவளமும் இருந்தாள். இப்போது சோதனைத் தக்காளி பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இல்லாமல் வெட்டவெளியில் குச்சி கட்டி நின்றது. வரிசைகளுக்கு இடையே அங்கங்கே பழைய கட்டைகளின் தடம், கறுத்த வளையங்களாகத் தெரிந்தது.

"இங்க பாரு," என்று ஒரு வளையத்தின் நடுவில் கிடந்த சருகை விலக்கினாள் பவளம். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. "வேரு இருந்த எடம். வேரு அழுகிப் போச்சு. கொஞ்சம் கரையான் தின்னுச்சு. பட்டை மட்டும் கொழா மாதிரி நிக்குது."

அவள் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை அதில் ஊற்றினாள். தண்ணீர் தேங்கவே இல்லை. உள்ளே எங்கேயோ குடத்தில் நீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. மருந்தடிக்கும் நீளக்குழலின் கம்பியைக் கழற்றி பவளம் துளைக்குள் விட்டாள். ஆறடிக் கம்பி. முட்டாமல் முழுவதும் போய், கைப்பிடி மட்டும் வெளியே நின்றது.

திலகா குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த புத்தகங்களில் இது இருந்தது. மண்ணுக்குள் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடும் என்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கணக்கில் அவள் மண்ணை ஒரே சீராகத்தான் எடுத்துக்கொண்டாள். அவளிடம் வந்த மூன்று பைகளும் அப்படித்தான் இருந்தன. சலித்து, உலர்த்தி, கல் பொறுக்கி. பைக்குள் துளை எப்படித் தெரியும்?

ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு பொந்த வச்சு மலை முழுக்கக் கணக்குப் போட முடியாதுடி."

"அப்ப எத்தன பொந்து வேணும்? சொல்லு, காட்டறேன்."

"காட்ட வேணாம். தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு தண்ணியே காட்டணும்."

அப்படித்தான் சாயம் ஊற்றிப் பார்க்கும் யோசனை வந்தது. நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு சதுர மீட்டர் நிலத்தில் மழைபோல மெதுவாக ஊற்றி, மறுநாள் அங்கே குழி வெட்டிப் பார்த்தால், தண்ணீர் போன வழியெல்லாம் நீலமாக நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று வாங்குகிற சாயமும் பலகாரத்துக்குப் போடுகிற நீலக் கலரும் ஒன்றேதான் என்பது திலகாவுக்குத் தெரியும். இருவரும் ரிங்லெட்டுக்கு இறங்கி ஜொஹராவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். ஜொஹரா ஐம்பது வயதைத் தாண்டியவர்; காலையில் ரொட்டி சானாய், மாலையில் பலகாரம் என்று அந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர்.

"நீலக் கலரா? எத்தன பேருக்குப் பலகாரம் செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"மலைக்குச் செய்யப் போறோம் அக்கா," என்றாள் பவளம். விஷயத்தைச் சொன்னதும் ஜொஹரா உள்ளே போய், பிரிக்காத டின் ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"அந்தத் தக்காளிதான் என் சமையல்கட்டுக்கும் வருது. குழி வெட்டறப்ப எனக்குச் சொல்லுங்க. நான் பாக்கணும்."

சனிக்கிழமை மதியம் பூவாளியால் நாற்பது லிட்டர் ஊற்றினார்கள். ஞாயிறு காலை பவளத்தோடு மூன்று பெண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்தார்கள். ஜொஹரா கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். முழங்கால் ஆழம் வெட்டியிருப்பார்கள், தங்கராஜு மோட்டாரில் வந்து நின்றார்.

"யாருகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வெட்டறீங்க? இது கம்பெனி எடம்."

பவளம் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. "நம்ம குடிக்கிற தண்ணிக்கு மேல மருந்தடிக்க நீங்க யாருகிட்ட பர்மிஷன் வாங்குனீங்க அண்ணே?"

"பவளம், நீ கம்பெனியில வேல செய்யற. ஞாபகம் வச்சுக்க."

"ஞாபகம் இருக்கு. நான்தான் அடிக்கறேன். எங்க போகுதுன்னு நான்தான பாக்கணும்?"

தங்கராஜு போனை எடுத்து எல்லாரையும் படம் பிடித்தார். ஜொஹரா குடையைச் சுருக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "என்னையும் நல்லா எடுங்க தம்பி," என்றார். தங்கராஜு போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இறங்கிப் போனார். பெண்கள் மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள்.

குழியின் சுவரைத் திலகா கொத்துக்கரண்டியால் மெல்லச் சீவினாள். மேலே ஒரு சாண் அளவுக்கு நீலம் படர்ந்திருந்தது. அவள் கணக்கின்படி நாற்பது லிட்டர் தண்ணீர் அவ்வளவுதான் ஊறும். அதற்குக் கீழே செம்மண் சுத்தமாக இருந்தது. ஒரு கணம், தான் சொன்னதே சரிதான் என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. இன்னும் இரண்டு விரல்கடை உள்ளே சீவினாள். அப்போது முதல் கோடு தெரிந்தது. பிறகு இன்னொன்று. சீவச் சீவ, சுவர் முழுக்க நீல நரம்புகள் நேராகக் கீழே இறங்கின. சில நூல்போல, சில கட்டைவிரல் தடிமனில். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மண்ணில் ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல், நேரே, அவசரமாகப் போயிருந்தது. நான்கடி வெட்டினார்கள், நீலம் இருந்தது. ஐந்தடி வெட்டினார்கள், அப்போதும் இருந்தது. ஏழடியில் பாறைச்சில்லு தட்டுப்பட்டது. நீலம் அந்தச் சில்லுகளின் இடுக்கிலும் நுழைந்து போயிருந்தது. ஒரே நாளில்.

அந்தச் சதுரத்தில் பதினொரு கோடுகளை எண்ணினாள் திலகா. குழிக்குள் நின்றபடி சுவரில் கை வைத்தாள். கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது; 'ஆபத்தில்லை' என்று அவள் கைப்பட எழுதியிருந்தாள். கோயில் மண்டபத்தில் முன்வரிசைப் பெண்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

"என்னா?" என்றாள் மேலிருந்து பவளம்.

"நீ சொன்னதுதான்."

பவளம் வெற்றிச் சிரிப்பு சிரிக்கவில்லை. கை நீட்டி அவளை மேலே தூக்கிவிட்டாள்.

அன்றே ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனாள் திலகா. ஒன்பது நாளில் பரிசோதனை முடிவு வந்தது. அந்த மருந்து தண்ணீரில் இருந்தது. மிகக் கொஞ்சம்தான், அனுமதிக்கப்பட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இருந்தது. பதினெட்டு வருடம் என்று அவள் சொன்ன பயணத்தை அது பதினான்கு மாதத்துக்குள் முடித்துவிட்டது.

அவள் கணக்கை முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை மண்ணை இரண்டாகப் பிரித்தாள். ஒன்று, மருந்து ஒட்டி ஒட்டி மெதுவாக நகரும் மண். மற்றொன்று, எதிலும் ஒட்ட நேரமில்லாமல் மழையோடு விழுந்து ஓடும் வேர்த்துளை. குழியில் எண்ணிய பதினொன்றையும் அவற்றின் தடிமனையும் கொடுத்தாள். முதல் பெருமழைக் காலத்திலேயே கோடு எழுந்தது. மலை முழுவதும் தக்காளி போட்டால், இரண்டாவது வருட நவம்பரில் அது அனுமதி அளவைத் தாண்டி மேலே போனது. தரையோடு படிகிற கோட்டைக் காணோம்.

அதை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் முதலாளி லிங்கேஸ்வரனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் வேலை கொடுத்தவர். இரண்டு கோடுகளையும் நிதானமாகப் பார்த்தார்.

"தண்ணியில இருக்கறது லிமிட்டுக்குக் கீழதான இருக்கு திலகா?"

"ரெண்டு ஏக்கருக்கு பாஸ். அவங்க போடப் போறது நாப்பது ஏக்கர்."

"நாம ரிப்போர்ட் கொடுத்தாச்சு. இப்ப நாமளே போயி தப்புன்னு சொன்னா, அடுத்த வேல யாரு கொடுப்பா? நம்ம ஆபீஸ்ல பன்னெண்டு பேரு இருக்காங்க. ஒண்ணு செய்யலாம். இத ஒரு குறிப்பா எழுதி ஃபைல்ல வைங்க. அவங்க கேட்டா கொடுப்போம்."

"கேக்க மாட்டாங்களே."

"கேக்க மாட்டாங்க," என்று அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மனசுக்குக் கஷ்டமா இருந்தா, உங்க பேர எடுத்துட்டு என் பேரு போட்டுக்கறேன்," என்றார்.

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. "பேர எடுத்துட்டா தண்ணி நின்னுருமா பாஸ்? நான் சொன்னத நம்பி அவங்க குடிச்சுக்கிட்டு இருக்காங்க. தப்புன்னு நான்தான் சொல்லணும்."

"சொன்னா, இங்க இருந்துக்கிட்டு சொல்ல முடியாது."

"சரி. வெளிய இருந்து சொல்றேன்."

தன் மேசைக்குப் போய், அறிக்கைக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டிய அரசாங்க இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'என் கணக்கில் பிழை இருக்கிறது. அந்த அறிக்கையில் நான் எழுதிய முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு கோடுகளையும் குழியின் படங்களையும் சேர்த்து அனுப்பினாள். பிறகு வேலையை விடும் கடிதத்தை லிங்கேஸ்வரனின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் பயம் வந்தது.

இலாகா ஒரு விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் பவளம் போன் செய்தாள்.

"கம்பெனிக்காரங்க என்னா சொல்றாங்க தெரியுமா? நாம கம்பிய விட்டுக் குத்திப் பொந்து பண்ணி, சாயம் ஊத்திப் படம் புடிச்சோமாம். தங்கராஜு அண்ணன் அப்படித்தான் எழுதிக் கொடுத்துருக்காரு."

"என்கிட்ட படம் இருக்கு. அளவு இருக்கு. எல்லாத்தையும் காட்டலாம்."

"படத்த யாரு லா நம்பறா? மண்ணையே கொண்டு போலாம்."

"மண்ணையா?"

"நீ பாத்தல்ல? அதயே அவங்களும் பாக்கட்டும். நான் லைன்ல பேசிட்டேன். நீ எப்படி வெட்டணும்னு மட்டும் சொல்லு."

லைனில் பேசுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை என்பது திலகாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. பாதி வீடுகள் பயந்தன. வீடு தோட்டத்தோடது, துரை நினைத்தால் வெளியே போகச் சொல்லலாம் என்றார்கள். திரிங்காப் ஊரிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி லோரி ஓட்டும் பவளத்தின் கணவர் ஆண்டியப்பனே, "நமக்கு எதுக்கு? டவுன்ல தண்ணி வாங்கிக் குடிச்சிக்கலாம்," என்றாராம். பவளம் ஒரு வாரத்துக்கு டவுன் தண்ணீரை அவரையே சுமக்க வைத்தாளாம். எட்டாம் நாள் அவர் மண்ணை ஏற்றிப் போக லோரிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் குழியின் தொடாத பக்கத்தில் ஒரு மண்பாளம் வெட்டினார்கள். இரண்டடி அகலம், நாலடி உயரம், அரையடி தடிமன். பலகையை மூன்று பக்கமும் அணைத்து அடித்து, பின்னாலிருந்து கம்பியால் அறுத்து, மண் உதிராமலிருக்க ஈரச்சாக்கு சுற்றினார்கள். முதல் தடவை பாதியில் உடைந்து விழுந்தது. பவளம் வாய்விட்டுத் திட்டினாள். இரண்டாவது தடவை நின்றது. எட்டுப் பெண்கள், பழைய கட்டைத் தடங்களில் கால் ஊன்றி, சரிவில் அதை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். பயந்த வீட்டுப் பெண்களில் இரண்டு பேர் வழியில் வந்து தோள் கொடுத்தார்கள்.

மறுநாள் கூட்ட அறையின் கதவு அதற்குப் போதவில்லை. பக்கவாட்டில் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. காவலாளி தடுத்தபோது, "இதான் எங்க சாட்சி. சாட்சிய வாசல்ல நிறுத்துவீங்களா?" என்று பவளம் மலாயில் கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். பளபளவென்ற மேசைமேல் பலகையைக் கிடத்தி, சாக்கைப் பிரித்தாள். கம்பெனியின் மேலாளரும் லிங்கேஸ்வரனும் ஒரு பக்கம் இருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி, நரைமுடிக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார்.

மேலாளர் சொன்னார்: "கம்பியால் குத்தியது இது."

"நல்லா பாருங்க," என்றாள் பவளம். "கம்பி வளைஞ்சு போகுமா?"

அதிகாரி ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டினார். அது ஓரிடத்தில் கல்லைச் சுற்றி வளைந்து மறுபடி இறங்கியது. ஓரத்தில் உரிந்து தொங்கிய வேர்ப்பட்டையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். நீலம் அவர் நகக்கண்ணில் ஒட்டியது. பிறகு லிங்கேஸ்வரனைப் பார்த்து மலாயில் கேட்டார், இது உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று.

லிங்கேஸ்வரன் தாள்களைப் புரட்டினார். திலகா எழுந்தாள்.

"இல்லை. நான் அதைச் சேர்க்கவில்லை," என்று அதே மொழியில் சொன்னாள். "மலைக்குப் போகாமல் பையில் வந்த மண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன். அது என் தவறு. வேர்த்துளையைச் சேர்த்துப் போட்ட கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரும் அதையேதான் சொல்கிறது. அந்த அறிக்கையை நம்பி நீங்கள் ஒப்புதல் கொடுத்தால், அதை எழுதிய நானே அதற்கு எதிராக எல்லா இடத்திலும் வந்து நிற்பேன்."

பவளம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அறிக்கை ஏற்கப்படவில்லை. மலையின் மேற்பகுதியில் எதுவும் பயிரிடக் கூடாது. சோதனைத் தக்காளி அந்த அறுவடையோடு முடிய வேண்டும். கம்பெனி விரும்பினால் வேறு ஆளை வைத்து, குழி வெட்டிப் பார்த்த கணக்கோடு, புதிதாக விண்ணப்பிக்கலாம். விரும்புவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும், ஏற்கெனவே மண்ணுக்குள் போனது இன்னும் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு ஊற்றில் வந்துகொண்டிருக்கும். திலகா அதை மறைக்காமல் கோயில் மண்டபத்தில் அதே கூட்டத்தின் முன்னால் சொன்னாள். கேட்டவர்கள் முகம் இருண்டது. தோட்டத்து நிர்வாகம் மேல் ஓடையிலிருந்து வேறு குழாய் போடும்வரை அலுவலக வாசலைவிட்டு நகர்வதில்லை என்று பெண்கள் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் குழாய் வந்து இறங்கியது.

திலகாவுக்கு ஈப்போவில் வேறு நிறுவனம் எதுவும் வேலை கொடுக்கவில்லை. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுத் தண்ணீர் எடுக்க ரிங்லெட்டுக்கு பஸ் ஏறினாள்.

அப்படி அவள் வந்த ஒரு நாள், பவளத்தின் கையில் ஒரு கடிதம் இருந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து வந்தது. அனுமதியின்றிக் குத்தகை நிலத்தில் குழி வெட்டியதற்கும், மண்ணை அப்புறப்படுத்தியதற்கும் ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அதற்குள் அவளைத் தக்காளியிலிருந்து எடுத்து, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தேயிலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"மலாயில நல்லா எழுதணும். நீதான் எழுதற," என்றாள் பவளம். ஜொஹராவின் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் தேநீரை ஆறவிட்டு, திலகா எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். ஊற்றுநீரின் பாதுகாப்பு கருதியே வெட்டினேன், நடந்தவற்றுக்கு வருந்துகிறேன், இனி—

"நிறுத்து. வருந்துறேன்னு எழுதியிருக்கியா?"

"ஒரு மரியாதைக்குடி. வேல போயிரும்."

"போகட்டும். நான் வருந்தல. அத அடி."

திலகா அடித்தாள்.

"'குடிக்கிற தண்ணிக்குள்ள என்னா வருதுன்னு பாக்க வெட்டினேன். சந்தேகம் வந்தா மறுபடியும் வெட்டுவேன்.' அவ்வளவுதான் எழுது."

ஜொஹரா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "கீழ நானும் கையெழுத்துப் போடவா? அன்னிக்கு நானும்தான அங்க நின்னேன்," என்றார்.

பவளம் தாளை அவர் பக்கம் தள்ளினாள். ஜொஹரா போட்டார். திலகாவும் போட்டாள். கடைசியில் பவளம் தன் பெயரைத் தமிழில், மற்ற இரண்டையும்விடப் பெரிதாக எழுதி, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆபீஸ் மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பவளமும் திலகாவும் மோட்டாரில் ஏறினார்கள்.